போயிங் போயிங் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்க் கமோலெத்தியின் ‘போயிங் போயிங்’ பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். லண்டனில் வருடக்கணக்கில் ஓடிய பிரெஞ்சு நாடகம் நியூயார்க்கில் 23 காட்சிகளோடு படுத்துவிட்டது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். இரண்டு ஊரிலும் ஆங்கிலம்தானே? மொழிபெயர்ப்பில் கோளாறா? இல்லை, மூன்று பெண்களை ஏமாற்றுகிறவனின் கதை அமெரிக்கர்களுக்குப் பிடிக்கவில்லையா?

ச.

அன்புள்ள ச.,

மொழிபெயர்ப்பின் மேல் பழிபோட முடியாது. இரண்டு ஊரிலும் மேடையேறியது பெவர்லி கிராஸின் ஆங்கில வடிவம்தான். பாரிஸில் 1960ல் தொடங்கிய நாடகம் 1962ல் லண்டன் அப்போலோ அரங்குக்கு வந்தது, அப்புறம் டச்சஸ் அரங்குக்கு மாறியும் நிற்கவில்லை. நியூயார்க்கில் 1965 பிப்ரவரியில் போட்டு, அந்த மாதமே மூடிவிட்டார்கள். ஒழுக்கமும் காரணமில்லை. அதே வருடம்தான் டோனி கர்ட்டிஸையும் ஜெர்ரி லூயிஸையும் வைத்து ஹாலிவுட் இதைப் படமாக எடுத்தது.

கதை தெரியாதவர்களுக்காக: பாரிஸில் இருக்கும் பெர்னாருக்கு மூன்று காதலிகள், மூவருமே விமானப் பணிப்பெண்கள். ஒருத்தி இறங்கும் நேரம் மற்றவள் வானத்தில் இருக்கும்படி டைம்டேபிளை வைத்துச் சமாளிக்கிறான். ஆள் மாறும்போதெல்லாம் வேலைக்காரி பெர்த் சமையலை மாற்ற வேண்டும். வேகமான புது போயிங் வந்ததும் கணக்கு தப்புகிறது. மூவரும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால்.

இதில் சிரிப்புக்கு வசனம் பாதிகூடக் காரணமில்லை. ஒரு கதவு மூடி முடிவதற்குள் அடுத்தது திறக்க வேண்டும், அரை விநாடி பிசகினால் சிரிப்பு போயிற்று. லண்டன்காரர்களுக்கு இது கைவந்த விஷயம். ஒயிட்ஹால் அரங்கில் பிரையன் ரிக்ஸ் குழு 1950லிருந்து இப்படிப்பட்ட நாடகங்களையே போட்டுக்கொண்டிருந்தது. நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயின் ருசி வேறு. ‘போயிங் போயிங்’ மூடிய அடுத்த மாதம் அங்கே வெற்றி கண்டது நீல் சைமனின் ‘ஆட் கப்பிள்’, பேச்சாலேயே சிரிக்கவைக்கிற நாடகம். இந்த ருசி வித்தியாசம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

2007ல் மாத்யூ வார்ச்சஸ் லண்டனில் மறுபடி இயக்கியபோது காலத்தை மாற்றவில்லை, அறுபதுகளிலேயே விட்டுவிட்டார். பெர்னாரின் அப்பாவி நண்பன் ராபர்ட்டாக மார்க் ரைலன்ஸ். சுற்றிலும் எல்லோரும் ஓட, இவர் மட்டும் ஒவ்வொரு பொய்யையும் மெதுவாக யோசித்து யோசித்துச் சொல்வார். லண்டனில் வேல்ஸ்காரனாகப் பேசியவர், 2008ல் பிராட்வே போனதும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆளாகிவிட்டார். முன்பு கைவிட்ட அதே ஊர் இம்முறை நாடகத்துக்கும் அவருக்கும் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதைக் கொடுத்தது. (விருது வாங்க வந்த மனிதர் நன்றி சொல்லாமல் லூயிஸ் ஜென்கின்ஸின் உரைநடைக் கவிதை ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினார்!)

பெண்களை ஏமாற்றும் கதை என்கிறீர்கள். சரி, கடைசிவரை பாருங்கள். மூன்று காதலிகளில் ஒருத்தியான அமெரிக்கப் பெண்ணுக்கும் வேறு காதலர்கள் உண்டு. அவர்களில் வசதியான ஒருவனைக் கட்டிக்கொள்ள பெர்னாரை விட்டுவிட்டு அவள்தான் முதலில் கிளம்புகிறாள்.