நேற்று நடந்த செய்திக்கு ஆங்கிலத் தலைப்பில் ஏன் நிகழ்காலம்?

அமைச்சர் நேற்றே பதவி விலகிவிட்டார், அப்படியிருக்க ‘மினிஸ்டர் ரிசைன்ஸ்’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம், அதுதான் இயல்பான நடை. நடந்து முடிந்ததையும் எளிய நிகழ்காலத்தில் சொல்வது ஆங்கிலத் தலைப்புகளின் பழைய வழக்கம்.

இறந்தகாலத்தைத் தவிர்க்க இன்னொரு வலுவான காரணமும் உண்டு. தலைப்பில் ‘வாஸ்’, ‘வேர்’ போன்ற துணைவினைகளை விட்டுவிடுவார்கள். அதனால் ‘மேன் அட்டாக்ட்’ என்று போட்டால், அவர் தாக்கப்பட்டார் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். தாக்கியவர் அவர் என்றால் ‘மேன் அட்டாக்ஸ்’ என்று தொடங்க வேண்டும். ‘போலீஸ் அக்யூஸ்ட்’ என்றாலும் இதே சிக்கல்தான்: குற்றம் சாட்டியவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்களாகிவிடுவார்கள்! ஒரே ஓர் எழுத்தொலியில் ஒருவர் பெயரே கெட்டுவிடும் என்பதால், இதில் நான் மிகவும் கவனமாக இருப்பேன்.

இனி நடக்கப்போவதற்கு ‘வில்’ வேண்டாம், ‘டு’ போதும்: ‘கோர்ட் டு ஹியர் அப்பீல்’. ‘எ’, ‘த’ இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். அப்புறம், நிகழ்கால வினையோடு ‘எஸ்டர்டே’ சேர்க்காதீர்கள், ஒட்டாது. எந்த நாள் என்பதைச் செய்தியின் முதல் வரியில் சொல்லிக்கொள்ளலாம்.