ஹார்ட்விக் ஹால் மாதிரி: புகைபோக்கி எங்கே?

வணக்கம். கல்லூரிக்காக இங்கிலாந்தின் பழைய மாளிகையான ஹார்ட்விக் ஹாலை அட்டையில் செய்கிறீர்கள். மேல்மாடி ஜன்னல்தான் மிகப் பெரிதாக இருக்கிறது, வெளிச்சுவரில் புகைபோக்கியே காணோம், படம் தப்போ என்று கேட்டிருந்தீர்கள். படம் சரிதான், தைரியமாக ஒட்டுங்கள்.

புகைபோக்கிகளை உள்சுவர்கள் வழியாகவே மேலே கொண்டுபோய்விட்டார்கள். அதனால்தான் வெளிச்சுவரில் இத்தனை ஜன்னலுக்கு இடம் கிடைத்தது. கண்ணாடி கொள்ளை விலை விற்ற காலம் அது. ‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று இந்த வீட்டைப் பற்றி ஒரு சொலவடையே உண்டு.

ஜன்னல் உயரத்துக்கும் காரணம் இருக்கிறது. தரைத்தளம் சமையலுக்கும் வேலையாட்களுக்கும். முதல் மாடியில் வீட்டுக்காரி பெஸ் வாழ்ந்தார். இரண்டாம் மாடிதான் பெரிய விருந்தினரை வரவேற்கும் இடம். அங்கே ஜன்னல் மிக உயரம். மூன்று தளங்களுக்கும் ஒரே அளவில் வெட்டினால் வீட்டின் உயிரே போய்விடும்.

அப்புறம், கோபுரங்களை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் கல்லில் ‘ஈ.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். எலிசபெத் ஷ்ரூஸ்பரி, அதாவது பெஸ்ஸின் பெயர். எழுத்துகளின் இடைவெளியில் வானம் தெரியும், அதனால் வரையாமல் பிளேடால் வெட்டி எடுங்கள். 1590களில் ஒரு பெண் தன் பெயரை வானத்தில் எழுதி வைத்திருக்கிறார்! எனக்கு இந்த வீட்டில் மிகப் பிடித்தது அதுதான்.

குறிப்பில் கட்டிய காலம் 1590–97, வடிவமைப்பு ராபர்ட் ஸ்மித்சன் என்று கருதப்படுகிறது எனப் போடுங்கள்.