கனத்த ராடும் மூன்று கிராம் ஸ்பின்னரும்

மதிப்பிற்குரிய ஐயா,

அவலாஞ்சி டிரவுட் மீன்களைக் குறித்துத் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் குன்னூர்க்காரன், பணி ஓய்வுக்குப் பிறகுதான் தூண்டில் பக்கம் வந்தேன். மகளும் மருமகனும் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறார்கள். பாஸ் மீன் பிடிப்பதில் மருமகனுக்கு அளவுகடந்த ஈடுபாடு. சென்ற டிசம்பரில் வந்தபோது ஒரு ராடு (தூண்டில் கோல்), தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ஒரு பெயிட்காஸ்டிங் ரீல், ஒரு பெட்டி நிறைய லூர் எனப்படும் பொய் இரைகள் ஆகியவற்றை எனக்கென்று விட்டுச் சென்றார். ராடின் அடிப்பகுதியில் ‘ஏழடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், லூர் 3/8 முதல் 1 அவுன்ஸ், நரம்பு 12 முதல் 20 பவுண்டு’ என்று அச்சிட்டிருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு எமரால்டு அணைக்குப் போய், என்னிடம் இருந்த மூன்று கிராம் ஸ்பின்னரை (இழுக்கையில் தகடு சுழலும் பொய் இரை) கட்டி வீசினேன். அது காலடியிலேயே விழுந்தது. ரீலுக்குள் நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது. ராடில்தான் கோளாறு என்கிறார் உடன் வந்த நண்பர். வரும் ஏப்ரலில் நானும் மனைவியும் ஆறு மாதம் மகள் வீட்டில் தங்கப் போகிறோம். அதற்குள் இங்கே பழகிக்கொள்ள எதை வாங்கலாம், அங்கே பாஸ் பிடிக்கப் பெட்டியில் உள்ளவற்றில் எவை போதும் என்று தாங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கள் வாசகர்,
குன்னூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ராடில் ஒரு கோளாறும் இல்லை. தாங்கள் கடிதத்தில் எடுத்தெழுதிய அந்த ஒரு வரியிலேயே எமரால்டில் நடந்ததற்கான காரணம் முழுவதும் இருக்கிறது. 3/8 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய பத்தரை கிராம், ஒரு அவுன்ஸ் என்பது இருபத்தெட்டு கிராம். அந்த எடைக்குள் உள்ள இரையைக் கட்டினால்தான் வீசும்போது ராடு வளையும். வளைந்த ராடு நிமிரும் விசையில்தான் இரை பறக்கும். மூன்று கிராம் ஸ்பின்னருக்கு அந்த ராடு வளைந்தே இருக்காது. ஆகவே ராடு வாங்கப் போகிறவர் முதலில் எந்த மீன், அது எந்த இரையைத் தின்னும், அந்த இரை எத்தனை கிராம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். நரம்பும் ராடும் ரீலும் அதே வரிசையில் பின்னால் வரட்டும். நம்மில் பெரும்பாலோர் பளபளப்பான ரீலில் தொடங்கி, கடைசியில் இரைக்கு வந்து சேர்கிறோம். கடைக்காரர்களுக்கும் அதுவே வசதி.

நரம்பு சிக்கியதற்குக் காரணம் ரீலின் அமைப்பு. ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது சுருள் அசையாமல் நிற்கும், நரம்பு அதன் விளிம்பிலிருந்து வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். அதனால் இலேசான இரையும் தூரம் போகிறது. பெயிட்காஸ்டிங் ரீலிலோ, பறக்கும் இரைதான் சுருளைச் சுழற்றி நரம்பை வெளியே இழுக்க வேண்டும். காற்றின் தடையால் இரையின் வேகம் குறைந்த பிறகும் சுருள் பழைய வேகத்திலேயே சுழன்றால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து சிக்கிவிடுகிறது. ஏழு கிராமுக்குக் குறைந்த இரைகளுக்குச் சாதாரணப் பெயிட்காஸ்டர் சரிப்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியொரு கனமான கருவி பாஸுக்கு ஏன் தேவைப்படுகிறது என்றால், அது வாழும் இடம் அப்படி. பெரிய வாய் பாஸ் வட அமெரிக்காவின் வெதுவெதுப்பான நீர்நிலைகளில் வளர்வது. நீர்ப்பாசி, மூழ்கிய மரம், படகுத்துறைத் தூண் ஆகியவற்றின் நிழலில் ஒளிந்திருந்து பாய்ந்து கவ்வும் வேட்டை மீன். முள் பட்டவுடன் அது மீண்டும் பாசிக்குள்ளேதான் ஓடும். எலும்பு கெட்டியான அதன் வாயில் முள்ளை இறக்கவும், பாசிக்குள் நுழையுமுன் தலையைத் திருப்பி இழுக்கவும், மீடியம் ஹெவி என்னும் விறைப்பான ராடும் பதினைந்து பவுண்டு தாங்கும் நரம்பும் வேண்டியிருக்கின்றன. இதற்கு மேல் கனமான கருவியை வாங்கச் சொல்கிறவர்கள் சாதனை மீன்களைக் காட்டித்தான் விற்பார்கள். உலகச் சாதனையான 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் 1932-இல் தாங்கள் போகிற அதே ஜார்ஜியாவில் பிடிபட்டது என்பதும், 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில்தான் அதற்கு இணையான மீன் கிடைத்தது என்பதும் உண்மைதான். ஆனால் இடையில் எழுபத்தேழு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. நமக்கு ஓரிரண்டு கிலோ மீன் கிடைத்தாலே நல்ல நாள்.

நீலகிரியின் கதை வேறு. இங்கே நாம் தேடிப் போவது, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தபின் ஓடைகளில் நிலைபெற்ற டிரவுட்டையும், 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டையையும்தான். கெண்டைக்குத் தக்கையும் மாவு உருண்டையும் போதும். அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. டிரவுட் குளிர்ந்த, தெளிந்த நீரின் மீன். அதன் வாய் மென்மையானது. தங்கள் ராடால் வெட்டி (முள் இறங்கச் சுண்டி) இழுத்தால் முள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தெளிந்த நீரில் தடித்த நரம்பு அதன் கண்ணில் படும். எனவே இங்குப் பழக, ஆறு அல்லது ஆறரை அடி நீளமுள்ள அல்ட்ராலைட் (மிக இலேசான) ராடு, 1000 அல்லது 2000 என்னும் சிறிய அளவு ஸ்பின்னிங் ரீல், நான்கு பவுண்டு தங்கூசி (நைலான்) நரம்பு ஆகியவற்றை வாங்குங்கள். இரண்டு முதல் ஐந்து கிராம் வரையிலான ஸ்பின்னரும் கரண்டி வடிவச் சிறிய ஸ்பூனுமாகச் சில இருந்தால் ஒரு பருவத்துக்கு வரும். விலையுயர்ந்த ராடு வேண்டியதில்லை. பணம் மிஞ்சினால் ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பாகம்) வழுவழுவென்று இயங்குகிறதா என்று பார்த்து அதற்குச் செலவிடுங்கள். மெல்லிய நரம்பைக் காப்பாற்றுவது அதுதான். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுப்புக்கு அது நரம்பை விட்டுக்கொடுக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதிச் சீட்டைப் பற்றித் தாங்களே எழுதியிருப்பதால், முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் தூண்டிலோடு நுழையக் கூடாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இனி ஜார்ஜியா. பெட்டியில் இருப்பவை எவையென்று தாங்கள் எழுதவில்லை. என்றாலும் பாஸ் பிடிக்கிற எவருடைய பெட்டியிலும் இருப்பவற்றை ஊகிக்க முடிகிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள நேரமிருக்கிறதென்றால், ரப்பர் போல் துவளும் பிளாஸ்டிக் புழுவைத்தான் சொல்வேன். 1949-இல் ஒஹையோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் வார்த்தெடுத்த வகை அது. தோட்டா வடிவ ஈயத்தை முதலில் நரம்பில் கோத்து, பிறகு கழுத்து வளைந்த முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் கழுத்து வரை இழுத்துத் திருப்பி, நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள் புதைத்துவிட வேண்டும். புழு நேராகத் தொங்க வேண்டும். கூனியிருந்தால் இழுக்கையில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். முள் மறைந்திருப்பதால் மரக்கிளைக்குள் விழுந்தாலும் மாட்டாது. வீசி, தரை தொடும் வரை விட்டு, ராடின் நுனியை ஓரடி உயர்த்தி, மீண்டும் தொய்வாக விழ விடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் மீன் எடுக்கும். கையில் ஒரு சிறு தட்டல் தெரியும். சில வேளை அதுவும் தெரியாது, நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரும். அப்போது ராடைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றியெடுத்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். தங்கள் ராடு இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் பொருந்தும்.

தவளை வடிவ இரையையும் அதே ராடில் வீசலாம். ஆனால் நரம்பு மட்டும் மிதக்கக்கூடிய பின்னல் நரம்பாக இருக்கட்டும். ஃபுளோரோகார்பன் நரம்பு மூழ்கும் தன்மையது, தவளையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். கிராங்க்பெயிட் எனப்படும், முகத்தில் தகடு வைத்து முக்குளித்துச் செல்லும் இரைக்குத் தங்கள் ராடு விறைப்பு அதிகம். அதில் தொங்கும் மும்முள்கள் சிறியவை, ஆழமாக இறங்காதவை. கூடுதலாக வளைந்துகொடுக்கும் மாடரேட் ராடும் நிதானமான ரீலும் அதற்கு ஏற்றவை. மருமகனிடம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இதற்கென்று செலவு செய்ய வேண்டாம். ஏப்ரலில் அங்கே பாஸ் முட்டையிடும் பருவத்திலோ அதை ஒட்டியோ கரையோர ஆழமற்ற நீரில் இருக்கும். கூட்டைக் காப்பது ஆண் மீன் என்பதால், பிடித்ததை விரைவாக அதே இடத்தில் விட்டுவிடுவது நல்லது.

பெயிட்காஸ்டரை இங்கேயே பழகிக்கொள்ள நீர்நிலை தேவையில்லை. வீட்டு முற்றம் போதும். முள் இல்லாத பதினான்கு கிராம் ஈயக் குண்டை நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். குண்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் சுருள் தானே நிற்கும் அளவுக்குப் பக்கத்துத் திருகை இறுக்க வேண்டும். பிரேக்கை முதலில் உச்சத்தில் வைத்து, கை பழகப் பழகக் குறைக்கலாம். குண்டு தரையில் விழும் கணத்துக்குச் சற்று முன்னால் கட்டைவிரலைச் சுருளின் மேல் வைத்து நிறுத்துவதுதான் இதில் உள்ள வித்தை முழுவதும்.

உண்மையான மீனிடமே பழக வேண்டும் என்று தோன்றினால் சமவெளிக்கு இறங்குங்கள். சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏதேனும் குளத்தில் தவளை இரையை வீசினால் விரால் பாய்ந்து எடுக்கும். பாசிக்குள் பதுங்கும் பழக்கத்திலும் வாயின் கெட்டியிலும் நம் ஊரில் பாஸுக்கு நெருங்கிய விளையாட்டைக் காட்டுவது அதுதான். ஆகவே அந்த ராடு இங்கேயும் வீணாகாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பாஸின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பற்றித் தூக்கலாம். அதன் பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பானவை, அவ்வளவுதான். விராலின் வாயில் விரலை விட்டால் பல் இறங்கிவிடும். இடுக்கியால்தான் முள்ளைக் கழற்ற வேண்டும்.

ஜார்ஜியாவில் தூண்டில் போடப் பெரியவர்களுக்கு உரிமம் கட்டாயம். மருமகனிடம் சொன்னால் இணையத்திலேயே எடுத்துத் தருவார். ராடை மட்டும் விமானத்தில் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டாம். அவ்வளவு ஈடுபாடுள்ளவரின் வீட்டில் அதே அளவில் இன்னும் இரண்டாவது இருக்கும்.