முதலில் சன்னல் எந்தப் பக்கம்? பெரிய டிவி வாங்குவோருக்குக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் டிவி பழுது பார்க்க ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. படக்குழாய் டிவியில் ஷாக் வாங்கித் தொழில் கற்ற ஆள் நான். இப்போது பாதி வேலை சுவரில் மாட்டிக் கொடுப்பதுதான். எந்தக் கடையிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. தீபாவளித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து தினம் பத்துப் பேர் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேட்கும்போது மூன்று விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹாலில் சன்னல் எந்தப் பக்கம்? சோபாவுக்கும் டிவி சுவருக்கும் எத்தனை மீட்டர்? வீட்டில் அதிக நேரம் டிவி பார்ப்பது யார்?

செங்காங் தம்பி: அண்ணே, பிடிஓ (பதிவுசெய்தபின் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி) வீட்டுச் சாவி வாங்கியாச்சு. கடையில் ஒன்று ஓலெட், பக்கத்தில் க்யூலெட். பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம், விலையில் மட்டும் இரண்டு மடங்கு. என்ன சூட்சுமம்?

பதில்: அந்த ஓரெழுத்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் இதற்கு மட்டும் நீளமாகச் சொல்கிறேன். க்யூலெட் என்பது 2017இல் சாம்சங் பிரபலமாக்கிய பெயர். உள்ளே இருப்பது நம் பழைய எல்சிடிதான். பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள் திறந்து மூடும். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் கசியும். இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான். க்யூ என்ற எழுத்து குவாண்டம் புள்ளிகளைக் குறிக்கிறது. நீல விளக்கின் ஒளியை வாங்கிச் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றிக் கொடுக்கும் நுண்துகள்கள் அவை. 2023 வேதியியல் நோபல் பரிசு அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கியவர்களுக்குத்தான் போனது. ஆக, நிறம் நிஜமாகவே நன்றாக இருக்கும். கறுப்புக்கு மட்டும் அதனால் ஒரு பலனும் இல்லை.

மினி எல்இடி என்றால் அதே எல்சிடியில் பின்விளக்கைப் பொடிப்பொடியாக்கி, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இருட்டான இடத்தில் அந்தப் பகுதி விளக்கு மட்டும் தணியும். பகுதிகள் கூடக் கூடக் கறுப்பு கறுப்பாகும். குறைவாக இருந்தால் கறுப்பு வானத்தில் நிலாவைச் சுற்றிப் புகை மாதிரி ஒளி படரும்.

ஓலெட்டில் பின்விளக்கே இல்லை. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் (பிக்சல்). ஒவ்வொன்றும் தனி அகல்விளக்கு, வேண்டாதபோது தானே அணைந்துவிடும். முழுக் கறுப்பு அங்கேதான் கிடைக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. பலவீனமும் உண்டு, கீழே வரும். 2022இலிருந்து ஓலெட்டில் குவாண்டம் புள்ளியும் சேர்த்த க்யூடி ஓலெட் என்று ஒரு கலப்பினமும் விற்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம்? சொல்லவே இல்லையே.

ஜூரோங் அக்கா: ஹால் மேற்கே பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேரே டிவி மேல். கடையில் ஓலெட்டைப் பார்த்ததும் மனசு அதிலேயே நிற்கிறது.

பதில்: அக்கா, கடையில் அதை மாட்டியிருந்த மூலை இருட்டாக இருந்திருக்குமே! உங்கள் ஹாலில் மதிய வெயிலில் அந்தக் கறுப்பைப் பார்க்க முடியாது, உங்கள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். திரை முழுக்க வெளிச்சமாக வரும் காட்சியில், கிரிக்கெட் மைதானம் மாதிரி, ஓலெட் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். க்யூடி ஓலெட்டில் வெளிச்சம் பட்டால் கறுப்பே லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். உங்களுக்கு நல்ல மினி எல்இடி. இல்லை, ஓலெட்தான் வேண்டும் என்றால் முதலில் தடித்த திரைச்சீலைக்குக் காசு ஒதுக்குங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: சன்னல் வடக்கு, 3 மீட்டர். அம்மா காலை பத்து மணிக்குப் போட்டால் ராத்திரி பத்துக்குத்தான் அணைப்பார். சீரியல், செய்தி, மறுபடி சீரியல். ஓலெட் சரியா?

பதில்: வேண்டாம். காரணம் அம்மா இல்லை, திரை மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் எரிய எரியத் தேயும். ஒரே இடம் ஒரே நிறத்தில் தினம் எரிந்தால் அந்த இடம் மட்டும் முன்னதாகத் தேய்ந்து, தழும்பு மாதிரி உருவம் தங்கிவிடும். ஆர்டிங்ஸ் என்ற சோதனைத் தளம் 2018இல் ஆறு ஓலெட் டிவிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தது. செய்திச் சேனல் ஓடியவற்றில் தழும்பு விழுந்தது. கால் ஆஃப் டூட்டி என்ற வீடியோ கேம் ஓடியது தப்பித்தது. புதிய திரைகள் அதைவிடத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனாலும் அம்மாவுடைய பன்னிரண்டு மணி நேரத்துக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே ஓலெட் வைத்திருப்பவர்கள் ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்ல பழக்கம்தான், ஓலெட்டுக்கு மட்டும் ஆகாது. மொத்தம் சில மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்ததும், டிவி சில நிமிடம் தன் புள்ளிகளைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. மூன்றே வருடத்தில் ஒரு சேனல் சின்னம் நிரந்தரமாகக் குடியேறிய திரையைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அப்பா தினம் ராத்திரி கேஸ், கதவு, டிவி சுவிட்ச் என்று வரிசையாக அணைத்துவிட்டுப் படுப்பவர்.

தெம்பனிஸ் அண்ணன்: 85 அங்குலம் ஆசை. சோபா 3 மீட்டர் தள்ளி. கிழக்குச் சன்னல். சாப்பாட்டு மேசை பக்கவாட்டில் இருக்கிறது.

பதில்: ஆஹா, சன்னலும் தூரமும் சொல்லிவிட்டீர்கள், யார் பார்ப்பது என்பது மட்டும் பாக்கி! திரையின் மூலைவிட்ட அளவை 1.2ஆல் பெருக்கினால் சினிமா மாதிரி உட்காரும் தூரம், 1.6ஆல் பெருக்கினால் நிதானமான தூரம். 85 அங்குலம் என்பது 216 செ.மீ. 2.6 மீட்டரிலிருந்து 3.45 வரை சரி, உங்கள் 3 மீட்டர் நடுவில் உட்கார்கிறது. எல்சிடி வகையில் வாங்கினால் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்க்கும்போது நிறம் வெளிறும், எல்லா எல்சிடியும் இல்லை, ஆனால் கறுப்பு நன்றாக வரும் விஏ வகைத் திரைகள் அப்படித்தான். கடையில் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அதற்கு முன்னால் லிஃப்டை அளந்துகொள்ளுங்கள். 85 அங்குலத் திரையின் அகலமே சுமார் 190 செ.மீ., பெட்டி அதைவிட நீளம், அதைப் படுக்கவைத்துத் தூக்கவும் கூடாது. பழைய புளோக்கில் லிஃப்ட் சிறியது. பதினோராவது மாடிக்குப் படிக்கட்டில் தூக்கிய கதை என் முதுகுக்குத் தெரியும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: ஓலெட் நல்லதா, க்யூலெட் நல்லதா?

பதில்: மேலே செங்காங் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிடோக் வாசகர்: டிவி சுவர்தான் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் புகலிட அறை) சுவர். துளை போடலாமா?

பதில்: அந்தச் சுவருக்குத் தனி விதிகள் உண்டு, துளையின் ஆழம் உட்பட. குடிமைத் தற்காப்புப் படையின் இணையப்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். "யாருக்குத் தெரியப்போகுது" என்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

சுவா சூ காங் வாசகி: 8கே வாங்கி வைத்தால் பிற்காலத்துக்கு உதவுமா?

பதில்: 4கேயைவிட நாலு மடங்கு புள்ளிகள், ஆனால் அந்த அளவில் பார்க்கப் படம் அநேகமாக இல்லை. வேண்டாம்.

ஈசூன் ஐயா: என்னிடம் பிளாஸ்மா டிவி இன்னும் ஓடுகிறது. பேரன் தூக்கிப்போடச் சொல்கிறான்.

பதில்: ஐயா, அது தானாக நிற்கும்வரை ஓடட்டும். பானசோனிக் 2013இல் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியபோது எங்கள் பட்டறையில் துக்கம் விசாரித்தோம். கரண்டை மட்டும் நிறையத் தின்னும், ஹாலைச் சுடவைக்கும். மாற்றும் நாளில், புது டிவியைக் கொண்டுவரும் பெரிய கடைகள் பழையதை இலவசமாக எடுத்துப் போகவேண்டும். 2021 ஜூலையிலிருந்து அது சட்டம். குப்பைத் தொட்டி ஓரம் வைக்காதீர்கள்.

அங் மோ கியோ வாசகி: புது டிவியில் பழைய படம் போட்டால் சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. டிவி கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சினிமா வினாடிக்கு 24 படம். டிவி இடையில் இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து செருகுகிறது. ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அமைப்புகளில் அணைத்துவிடுங்கள், அல்லது ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள்.

பந்துப் பிரியர், பிடோக்: ஏன் அணைக்கணும்? எனக்கு அந்த வழவழப்புதான் பிடிக்குது. இல்லாவிட்டால் கேமரா திரும்பும்போது படம் தடதடக்குது.

பதில்: பந்தாட்டம் ஏற்கெனவே வினாடிக்கு 50 அசைவோடுதான் வருகிறது, அதற்கு இது தேவையே இல்லை. சில சமயம் பந்தே இரண்டாகத் தெரியும், கவனித்துப் பாருங்கள்.

பழைய ஆப்பரேட்டர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். பத்தொன்பது வருஷம் தியேட்டரில் ஃபிலிம் ஓட்டியவன் நான். தியேட்டரிலும் 24 படம்தான், அங்கே தடதடப்பு ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு படத்தையும் ஷட்டர் இரண்டு தடவை காட்டும், நடுவில் இருட்டு. நீங்கள் பார்ப்பதில் கிட்டத்தட்டப் பாதி நேரம் திரையில் ஒன்றுமே இல்லை! டிவி படத்தை அணைக்காமல் அப்படியே பிடித்து வைக்கிறது. பந்துப் பிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பதில்: அண்ணே, வணக்கம். ஒப்புக்கொள்கிறேன். நான் அவசரப்பட்டு "அணையுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஓலெட்டில் இது இன்னும் மோசம். எல்சிடி புள்ளி மெதுவாக மாறுவதால் தடதடப்பு கொஞ்சம் கலங்கி மறையும். ஓலெட் புள்ளி சட்டென மாறும், அதனால் ஒவ்வொரு படமும் தாவுவது பளிச்சென்று தெரியும். 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரையானால் 24ஐப் பொருத்த ஒரு படத்தை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்டவேண்டும், நொண்டி நடைதான். 120 ஹெர்ட்ஸ் திரையில் எல்லாப் படமும் ஐந்து தடவை, சமமாக. எனவே 120 ஹெர்ட்ஸ் வாங்குங்கள், வழவழப்பை முழுக்க அணைக்காமல் ஆகக் குறைந்த அளவில் வையுங்கள்.

பந்துப் பிரியர்: அப்ப நான் சொன்னது சரிதானே?

பதில்: பாதி. பந்தாட்டத்துக்கு அந்த வழவழப்பு இப்போதும் வேண்டாம்.

ஹார்மோனியக்காரர், பொங்கோல்: நீங்கள் படக் கணக்கு பேசுவதால் கேட்கிறேன். சேனலில் பழைய பாட்டு வந்தால் கூடவே வாசிப்பேன். சுருதி சேருவதே இல்லை, கொஞ்சம் மேலே நிற்கிறது. டிவி ஸ்பீக்கரா?

பதில்: இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி! ஸ்பீக்கர் இல்லை. இந்தியாவிலும் இங்கேயும் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் மரபு, அதாவது வினாடிக்கு 25 படம். 24 படச் சினிமாவை அதில் பொருத்த எளிய வழி, சற்று வேகமாக ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நாலு வேகம். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும், குரலும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அதுதான் உங்கள் ஹார்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் உட்காராமல் இடையில் நிற்கிறது.

பழைய ஆப்பரேட்டர்: இதைத்தான் என் மனைவியிடம் முப்பது வருஷமாகச் சொல்கிறேன், நம்பவில்லை.

ஹார்மோனியக்காரர்: அதே பாட்டை இப்போது ஓடிடியில் படத்தோடு போட்டு வாசித்தேன். சேர்ந்துவிட்டது!

ஜூரோங் வாசகர்: நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். ஓலெட்டா க்யூலெட்டா?

பதில்: சன்னல்.

உட்லண்ட்ஸ் இன்னொருவர்: மலேசியாவில், ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கி வரலாமா?

பதில்: வாரன்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். காருக்குள் டிவியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து, விரிசலோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. திரை உடைந்தால் மாற்றும் செலவு புது டிவிக்குப் பக்கத்தில் நிற்கும்.

பாசிர் ரிஸ் வாசகி: வாங்கி நாலு மாதத்தில் திரையில் கோடு. கடை கையை விரிக்கிறது.

பதில்: ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மறுத்தால் நிரூபிக்க வேண்டியது கடைதான். பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், ரசீதோடு.

ராத்திரி பதினொன்று ஆகிறது. கடைசியாக ஒன்று.

செங்காங் தம்பி: அண்ணே, அளந்துட்டேன். சன்னல் கிழக்கு, 2.7 மீட்டர், நானும் மனைவியும் ராத்திரி படம் மட்டும்தான் பார்ப்போம். சேனல் பார்க்கிற பழக்கமே இல்லை.

பதில்: 65 ஓலெட், 120 ஹெர்ட்ஸ். காசும் லிஃப்டும் இடம் கொடுத்தால் 77. சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள்.