ஜப்பானிய மொழியில் தேதிகளையும் நாட்கணக்கையும் மனதில் நிறுத்த எளிய வழி உண்டா?

உண்டு. 31 தேதிகளையும் ஒரே பட்டியலாக உருப்போட உட்கார்ந்தால்தான் மலைப்பாக இருக்கும். தனியாகப் படிக்க வேண்டியவை 1 முதல் 10 வரை, அப்புறம் 14, 20, 24. மற்றவற்றுக்கு எண்ணோடு 'நிச்சி' சேர்த்தால் போதும். 15ஆம் தேதி, ஜூகோநிச்சி.

அந்தப் பத்தைத் தொடும் முன், பொருட்களை எண்ணப் பயன்படும் ஹிதோட்சு, ஃபுதாட்சு, மிட்சு, யொட்சு வரிசையை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். இச்சி, நி, சான் (1, 2, 3) என்பது சீனத்திலிருந்து வந்த வரிசை. ஹிதோட்சு, ஃபுதாட்சு என்பதுதான் ஜப்பானியரின் சொந்த வரிசை. 2 முதல் 10 வரையான தேதிகள் இதிலிருந்துதான் வருகின்றன. ஐந்து இட்சுட்சு, ஐந்தாம் தேதி இட்சுகா. ஒன்பது கொகொனோட்சு, ஒன்பதாம் தேதி கொகொனோகா. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த அழகு ஒன்று உண்டு: எண் இரட்டிக்கும்போது மெய்யெழுத்து அப்படியே நிற்க, உயிர் மட்டும் மாறும். மூன்று மி, ஆறு மு. நான்கு யொ, எட்டு யா. இதைக் கவனித்துவிட்டால் மிக்கா (3), முய்கா (6) இரண்டும் சேர்ந்தே நினைவில் தங்கும்.

முதல் தேதி மட்டும் வழி தவறிய பிள்ளை. தேதியென்றால் ட்சுயிதாச்சி, 'ஒரு நாள்' என்ற கால அளவென்றால் இச்சிநிச்சி. இரண்டிலிருந்து இந்தத் தொல்லை இல்லை. ஃபுட்சுகா என்பது இரண்டாம் தேதியும்தான், இரண்டு நாட்களும்தான். கால அளவைத் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் பின்னால் 'கன்' சேர்த்து ஃபுட்சுகாகன் என்பார்கள்.

மாதங்கள் சுலபம், எண்ணோடு 'கட்சு' சேர்ந்தால் மாதம். ஏப்ரல் ஷிகட்சு, ஜூலை ஷிச்சிகட்சு, செப்டம்பர் குகட்சு என்ற மூன்றில் மட்டும் கவனம் வேண்டும். 4, 7, 9க்கு வழங்கும் மற்றப் பெயர்களான யோன், நானா, கியூ அங்கே வராது. சொல்லும் வரிசை ஆண்டு, மாதம், தேதி. அரசுப் படிவங்களில் ரெய்வா ஆண்டு (இப்போதைய பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டு) கேட்டால் நம் ஆண்டிலிருந்து 2018ஐக் கழியுங்கள். 2025 என்பது ரெய்வா 7.

காதுக்கு உண்மையான சோதனை நான்காம் தேதியும் எட்டாம் தேதியும்தான். நான்கு யொக்கா: குறில், நடுவில் ஒரு சிறு நிறுத்தம். எட்டு யோகா: நெடில், நிறுத்தம் கிடையாது, 'கா'வை வல்லினமாகவே சொல்லுங்கள். தொலைபேசியில் சந்தேகம் வந்தால் கிழமையையும் கேட்டுவிடுங்கள். ஒரே மாதத்தில் 4ஆம் தேதியும் 8ஆம் தேதியும் ஒரே கிழமையில் வராது. ஜப்பானியக் கிழமைகளும் நம்முடையவை போலவே ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற அதே கோள் வரிசையில் இருப்பதால், அவற்றைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.