பியோங்தேக்கில் படை குறைந்தால் மகனின் வேலை போகுமா?

உவர்மலையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் கொரிய மொழிப் பரீட்சை பாஸ். பியோங்தேக்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை ஒப்பந்தமும் வந்துவிட்டது. அமெரிக்கா தென்கொரியாவில் படையைக் குறைக்கலாம் என்கிறார்கள். அனுப்பலாமா?"

அனுப்புங்கள் அம்மா. ஒரேயொரு விஷயத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. 1957இல் பிரித்தானியர் நம்முடைய திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது என் அப்பப்பா டொக்யார்ட்டில் பிட்டர். சம்பளம் நின்று, அப்பம்மாவின் காப்பு அடகுக்குப் போன கதையை வீட்டில் இன்றும் சொல்வார்கள். பியோங்தேக்கிலும் அமெரிக்கப் படையின் ஹம்ப்ரிஸ் முகாமை நம்பி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்: வாசலில் கடை வைத்திருப்பவர்கள், உள்ளே வேலை செய்யும் கொரியர்கள். 2020இல் படைச் செலவை யார் எவ்வளவு தருவது என்று இரு அரசுகளும் இழுபறிப்பட்டபோது அமெரிக்க முகாம்களின் சுமார் 4,000 கொரிய ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக ஈ-9 தொழில் விசாவில் போகும் நம் பிள்ளைகள் முகாமுக்குள் வேலைக்குப் போவதில்லை. பெரும்பாலும் சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகள்தான். ஒப்பந்தத்தை எடுத்து, கம்பனி என்ன செய்கிறது என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். வாகன உதிரிப்பாகம், பிளாஸ்டிக் வார்ப்பு என்றிருந்தால் அந்தச் சாமானை வாங்குபவர் படைவீரர் அல்ல.

இனி, படைக்குறைப்பு. அது ஒரே இரவில் நடக்கிற காரியமல்ல. 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் தரைப்படையை எடுப்பதாக அறிவித்தார், 1979இல் நிறுத்திவைத்தார். 2004இல் 37,500 பேரை 25,000 ஆக்க இணங்கினார்கள். 2008இல் 28,500 உடன் நின்றது. பிறகு அந்த எண்ணுக்குக் கீழே குறைக்கப் பணம் செலவழிப்பதற்கே அமெரிக்க காங்கிரஸ் பாதுகாப்புச் சட்டத்தில் நிபந்தனைகளோடு தடை போட்டது. செலவுப் பங்கு பேசும் காலங்களில் இந்தக் கதை மறுபடி மேலே வரும். அதைக் கேட்டு நல்ல வேலையை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, கம்பனியே மூடினால்? அப்போது மகன் வேறு கம்பனிக்கு மாறலாம். இத்தனை தடவைதான் கம்பனி மாறலாம் என்று ஒரு கணக்கு உண்டு; தன் தவறில்லாமல் மாறுவது அதில் சேராது. ஆனால் வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் கொரிய அரசின் வேலைவாய்ப்பு நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்து 3 மாதத்துக்குள் புது இடத்துக்கான அனுமதி கையில் வரவேண்டும். தவறினால் விசா போய்விடும். இந்த இரண்டு கெடுவையும் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக் கொடுங்கள்.