கொல்லைக் குளமும் குளிர்காலமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொல்லையில் சின்னக் குளம் வெட்டி தங்கமீன் விட்டிருக்கிறோம். குளிர் ஏற ஏற மீன்கள் அடியிலேயே அசையாமல் கிடக்கின்றன, இரை போட்டாலும் மேலே வருவதில்லை. நோயா? மேலே பனிக்கட்டி மூடினால் உடைத்து விடலாமா?

பதில்: நோயெல்லாம் இல்லை. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் சேர்ந்து குளிரும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் செரிமானம் கிட்டத்தட்ட படுத்தேவிடும். அப்போது பாவம் பார்த்து நீங்கள் போடும் இரை, தின்னப்படாமல் அழுகி, அம்மோனியாவாகித் தண்ணீரைத்தான் கெடுக்கும். அதனால் குளம் மறுபடி சூடேறும்வரை இரையை நிறுத்திவிடுங்கள், பட்டினியால் சாகாது.

அடியில் கிடப்பதற்கும் காரணம் இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும், ஆகவே அந்தத் தண்ணீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே போய் உறைகிறது. மீன் தேடிப் போயிருப்பது அந்த 4 டிகிரியைத்தான். குளத்தின் அடியில் மோட்டார் ஓடுகிறதா? கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள், இல்லையென்றால் அது மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் கலக்கி எல்லாவற்றையும் ஒரே குளிராக்கிவிடும். இதெல்லாம் குளம் ஓரளவு ஆழமாக இருந்தால்தான், முழங்கால் ஆழத்துக் குளம் கடுங்குளிரில் அடிவரை உறையலாம்.

பனிக்கட்டிக்குச் சுத்தியல் மட்டும் வேண்டாம். அந்த அதிர்ச்சி தண்ணீர் வழியாக மீனுக்குப் போய்ச் சேரும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் நிரப்பி, கரையோரமாகப் பனிக்கட்டியின் மேல் வைத்தால் அதுவே மெதுவாக உருக்கி இறங்கும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வழி கிடைத்தால் போதும். அடியில் மக்கும் சருகிலிருந்து வரும் வாயு வெளியேறத்தான் அந்த ஓட்டை. வெந்நீரை நேராகக் குளத்தில் கொட்டாதீர்கள்.

கேள்வி: பக்கத்து மரத்துச் சருகு முழுக்க எங்கள் குளத்தில்தான் விழுகிறது. ஒரேயடியாகத் தண்ணீரை இறைத்துக் கழுவிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: இப்போது வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அடிச்சேற்றில் தவளை படுத்திருக்கலாம், தண்ணீருக்குள் அது தோல் வழியாகவே மூச்சு வாங்கிக்கொண்டு குளிரைக் கழித்துவிடும். குளத்தின் மேல் வலை கட்டுங்கள், ஏற்கெனவே விழுந்த சருகை மட்டும் அள்ளுங்கள். அள்ளியதை உடனே தூக்கிப் போடாமல் ஓர் இரவு கரையில் விட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வந்த பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பிவிடும். அப்புறம் அதைச் செடிகளைச் சுற்றி மூடாக்காகப் போடலாம், வேருக்கு நல்லது.

கேள்வி: அல்லியை என்ன செய்வது?

பதில்: எந்த வகை என்று தெரிய வேண்டும். குளிர் தாங்கும் வகையென்றால் பழுத்த இலைகளை வெட்டிவிட்டுத் தொட்டியை ஆழத்துக்கு இறக்குங்கள், அதன் கிழங்கு உறையாதவரை கவலையில்லை. வெப்பநாட்டு வகையென்றால் கிழங்கை எடுத்து ஈரமணலில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: போன குளிரில் மண்தொட்டிகள் விரிசல் விட்டுவிட்டன. மட்டமான தொட்டியா?

பதில்: தொட்டியை மட்டும் திட்ட முடியாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், ஈரமண் நிறைந்த தொட்டிக்கு அந்த இடம் எங்கே? காலி செய்து கவிழ்த்து வையுங்கள். செடி இருந்தால் அடித்துளை அடையாமல் பார்த்து, தொட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

கேள்வி: உறைபனி இரவுகளில் செடிகளைப் பாலிதீனால் சுற்றலாமா?

பதில்: துணியே மேல். பாலிதீன் இலையில் ஒட்டினால் ஒட்டின இடமெல்லாம் கருகும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் மோசம், தரைச்சூடு முழுக்க மேலே போய்விடும். அன்றைக்குச் சாயங்காலமே துணியைத் தரை தொடுமளவு போர்த்தி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.